மூடியைப் பற்றிய ஒரு வரி

தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் பவரைப் பார்த்து மயங்கக் கூடாது, ஐயா. கால்களின் உறுதியைத்தான் பார்க்க வேண்டும். பகலவனுக்கு இதை ஆறு மாதம் சொன்னேன்.

மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலை எங்களுக்கு. அவன் வெல்டர், நான் ஸ்டோர்ஸ். ஞாயிறுதோறும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி, சென்னையில் ஒரு கடையில் இரண்டு தொலைநோக்கிகளை மாற்றி மாற்றிப் பார்ப்போம். இரண்டிலும் அதே அறுபது மில்லிமீட்டர் லென்ஸ். ஒன்றுக்கு மரக்கால், ஆடாது. மற்றதற்கு நோஞ்சான் அலுமினியக் கால், பெட்டியில் மட்டும் 'ஐந்நூறு மடங்கு'. மரக்காலைச் சேர்ந்து வாங்குவது, ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது.

தொண்ணூற்றொன்று மார்ச்சில் ஒரு பகல், ஒரகடத்தில் அவன் வீட்டு வாசலில் அலுமினியக் கால் நின்றது. சூப்பர்வைசர் நரசிம்மனோடு போய் வாங்கியிருக்கிறான். அதே ரயிலில்.

"நீ ரெண்டுத்துல ஒண்ணு பொறுக்கறதுக்குள்ள நான் ரிடையரே ஆயிடுவேன், தசரதா."

அவன் மனைவி சின்னப்பொண்ணு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சூரியனில் கரும்புள்ளிகள் நிறையத் தெரிந்த வருடம் அது. கண் வைக்கும் இடத்தில் திருகிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஆங்கிலக் குறிப்புத் தாளை என்னிடம் நீட்டினான். தமிழில் படித்துச் சொன்னேன். ஒரு வரியை மட்டும் விட்டேன்: சூரியனைப் பார்க்கும்போது முன்மூடியைக் கழற்றாமல் அதன் நடுத்துளையை மட்டும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும். விட்டது பொய்யாகாது.

வெல்டர்களுக்குக் கறுப்புக் கண்ணாடிமேல் அசாத்திய நம்பிக்கை. தினம் வெல்டிங் ஆர்க் வெளிச்சத்தையே பார்ப்பவனுக்கு இது எம்மாத்திரம் என்று குனிந்தவன், நிமிர்ந்து கேட்டான்.

"மூடி இருக்கட்டுமா, கழட்டிடவா?"

"கழட்டுடா. அப்பத்தான் நல்லாத் தெரியும்."

தெரிந்துதான் சொன்னேன். சின்னப்பொண்ணு முதலில் குனிந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

மூன்று புள்ளி தெரிவதாகச் சொன்னான். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வலது கண் போய்விட்டது. வெல்டிங் லைனிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைச் சின்னப்பொண்ணு கண் டாக்டரிடம் காட்ட, அவர் நான் விட்ட வரியைப் படித்துச் சொன்னதால் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பகலவன் இன்னும் நம்பவில்லையாம். "தசரதன் எனக்கா செய்வான்?" என்று அவளிடமே சண்டை போடுகிறானாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்த பதினெட்டு நாளும் அவன் கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போனது நான். நரசிம்மன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யார் யாருக்குத் துரோகம் செய்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.