அரைச் செக்கன்

ஐயா, நான் நீச்சல் பயிற்றுவித்த கிருஷாந்தினியிடம் அரைச் செக்கன் அதிகமாக இருந்தது. அதை எங்கே குறைப்பது என்று இரண்டு மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. ஐம்பது மீற்றரை 29.4 செக்கனில் நீந்தினாள். தேசியப் போட்டிக்கு 28.9 வேண்டும். பாய்ச்சல், திரும்பல், கால் உதைப்பு எல்லாம் சரி. நாற்பதாவது மீற்றரில் மூச்செடுக்கத் தலையைத் திருப்புவாள். வேகம் அங்கேதான் உடைந்தது.

நமக்கு மூச்சு முட்டுவது ஒட்சிசன் குறைவதால் அல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதால். அதுதான் மணி அடிக்கிறது. நீரில் இறங்குமுன் இருபது தடவை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும். ஒட்சிசன் அப்படியேதான் இருக்கும். ஆகவே மணி பிந்தும். சிலவேளை மணி அடிக்குமுன்பே நினைவு போய்விடும். பயிற்றுநர் வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன்.

அதையே அவளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். இருபது மூச்சு, பிறகு முழு வேகத்தில் ஐம்பது மீற்றர். இப்படி எட்டுத் தடவை. இடையில் தலை திருப்பினால் அந்தத் தடவை செல்லாது.

"இவளுக்குச் செவுள் மொளச்சிட்டு சேர்" என்று அடுத்த தடத்தில் நீந்தும் றிஸ்மியா சிரித்தாள்.

"விரலெல்லாம் ஊசி குத்துதுங்க சேர்" என்றாள் கிருஷாந்தினி. பழகிவிடும் என்றேன். நேரம் 28.8 ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சுவரோரம் துவண்டாள். றிஸ்மியாதான் இழுத்து ஏற்றினாள். "நான் எங்க இருக்கேன்?" என்று கிருஷாந்தினி கேட்டாள். "காலையில சாப்பிட்டியா?" என்று நான் கேட்டேன். சாப்பிடவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை றிஸ்மியா வரவில்லை. ஏழாவது தடவையில், சுவருக்கு ஐந்து மீற்றர் இருக்கையில், கிருஷாந்தினியின் கை நின்றது. மிதந்தபடியே போய்த் தொடுகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. அப்படி இருக்கட்டும் என்று விரும்பினேன். என் கண் ஸ்டொப்வோச்சில் இருந்தது. அதை 41 செக்கனில் நிறுத்திவிட்டுத்தான் குதித்தேன்.

பசி மயக்கம் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னது நான்தான். செத்த வீட்டில் அவள் அம்மா பாப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ரொட்டி சுடப் பிந்திருச்சுங்க சேர். பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பிட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தாய் இன்னும் அப்படியே நம்புகிறார். அதனால்தான் அந்த வாக்குமூலத்தை மாற்ற இன்று உங்களிடம் திரும்பி வந்தேன்.

அந்த அரைச் செக்கனுக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். நாற்பதாவது மீற்றரில் அவளை மூச்செடுக்க விட்டிருக்க வேண்டும். 29.4 நல்ல நேரம்.