தாளைத் தலைகீழாகத் திருப்பவும்

வேணி: சார், ஒரு நிமிஷம்… இந்தப் பேப்பரக் கொஞ்சம் பாத்துட்டு…

பஞ்சநாதன்: என்ன டீச்சர், கூட்டல்ல சந்தேகமா?

வேணி: இல்ல சார். நாப்பத்தஞ்சாவது கேள்வி. அஞ்சு மார்க்கு.

பஞ்சநாதன்: அந்தத் தொகையீட்டுக் கணக்கா? அதுக்குத்தான் விடைக் குறிப்புல ஒவ்வொரு வரிக்கும் மார்க்குப் பிரிச்சுக் குடுத்திருக்காங்களே.

வேணி: குறிப்புல இருக்குற மாதிரி இந்தப் புள்ள போடல.

பஞ்சநாதன்: அப்ப சைபர். இதுக்கு ஏன் எந்திரிச்சு வரீங்க? பெரம்பலூர் வெயிலுக்கு ஃபேன் அடியில ஒக்காந்திருக்கறதே பெரிசு.

வேணி: விடை சரியா இருக்கு சார். ஒன்றரை.

பஞ்சநாதன்: பக்கத்து பெஞ்சுல பாத்திருக்கும். எத்தினி வருசமா பிளஸ் டூ பேப்பர் திருத்தறீங்க?

வேணி: இது ஏழாவது வருசம்.

பஞ்சநாதன்: எனக்கு இருபத்தாறு. அதனாலதான் முதன்மைத் தேர்வாளர்னு இந்த நாற்காலியில ஒக்கார வச்சிருக்காங்க. நீங்க திருத்துறதுல ரெண்டு, மூணு எடுத்து மறுபடி பாத்து கையெழுத்து போடறதுதான் என் வேல. போயி அடுத்த பேப்பரப் பாருங்க. நீங்க மீன்சுருட்டிக்கு ரெண்டு பஸ் மாறிப் போவணும்.

வேணி: பஸ் போனாப் போவுது சார். இதப் பாருங்க… ஒரு படம் வரைஞ்சிருக்கு.

பஞ்சநாதன்: படமா? இது டிராயிங் பரீட்சை இல்லயே.

வேணி: பாருங்களேன்.

பஞ்சநாதன்: ம்… பாத்தேன். ஒரு பெட்டி. உள்ள ஒரு வளைவு. அவ்ளதான?

வேணி: கீழ ஒரு வரி எழுதியிருக்குல்ல, அத வாசிங்க.

பஞ்சநாதன்: ‘திருத்துபவர் தயவுசெய்து தாளைத் தலைகீழாகத் திருப்பவும்.’ … என்ன, நம்மளயே வேல வாங்குதா?

வேணி: திருப்புங்க சார்.

பஞ்சநாதன்: டீச்சர்…

வேணி: ஒரே ஒரு தடவ.

பஞ்சநாதன்: சரி. திருப்பிட்டேன். எழுத்தெல்லாம் தலைகீழாத் தெரியுது. பெட்டி இருக்கு. வளைவு…

வேணி: வளைவு?

பஞ்சநாதன்: …அப்படியே இருக்கு.

வேணி: ஆமா சார்.

பஞ்சநாதன்: இருங்க, இருங்க. நான் சரியாத் திருப்பலயா?

வேணி: நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலஞ்சு தடவ திருப்பிட்டேன். பக்கத்துல இருந்த டீச்சருங்க என்ன ஒரு மாதிரியா பாத்தாங்க.

வீரம்மாள்: சார், திருத்தி முடிஞ்ச பேப்பர்க் கட்டு எதாவது இருக்கா? ஆபீஸ் ரூம்புல கேக்குறாங்க.

பஞ்சநாதன்: செத்த நில்லு வீரம்மா. … டீச்சர், அந்தக் கணக்க ஒரு தடவ வாயால சொல்லுங்க.

வேணி: ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் தொகையிடணும். மேல ரூட் எக்ஸ். கீழ ரூட் எக்ஸும் ரூட் அஞ்சு மைனஸ் எக்ஸும் கூட்டி இருக்கு.

பஞ்சநாதன்: நேராப் போட்டா பக்கம் பக்கமா இழுக்கும். அதனால எக்ஸ் இருக்குற எடத்துல அஞ்சு மைனஸ் எக்ஸ் போடணும். ரெண்டு வரியையும் கூட்டுனா மேலயும் கீழயும் ஒண்ணாயி அடிபட்டுப் போயிரும். ரெண்டு ஐ சமம் மூணு. ஐ சமம் ஒன்றரை. இதான குறிப்பு?

வேணி: அதான் குறிப்பு. இந்தப் புள்ள அது எதையும் எழுதல. பெட்டியோட நீளம் மூணுன்னு எழுதியிருக்கு. ஒண்ணுலேர்ந்து நாலு. ஒசரம் ஒண்ணு. அப்ப பெட்டி பரப்பு மூணு.

பஞ்சநாதன்: சரி.

வேணி: வளைவு பெட்டிய ரெண்டாப் பிரிக்கிது. தொகையீடுன்னா கீழ்த்துண்டோட பரப்புதான, அதான் நமக்கு வேணும். தாளத் திருப்புனா மேல்துண்டு கீழ வந்து, கீழ்த்துண்டு மாதிரியே ஒக்காருது. அப்ப ரெண்டும் ஒரே அளவு. மூணுல பாதி ஒன்றரை. அவ்ளதான் சார் கணக்கு. ஆறு வரி.

பஞ்சநாதன்: அதெப்படி டீச்சர்… கையால வரைஞ்ச படம் ஒத்துப்போவுதுன்னா, கணக்கு நிரூபணம் ஆயிருமா? நான் கூடத்தான் ஒரு வளைவு வரைவேன்.

வேணி: ஓரத்துல பாருங்க. பொடி எழுத்துல.

பஞ்சநாதன்: கண்ணாடி… எங்க வச்சேன்…

வேணி: சட்டப் பையில.

பஞ்சநாதன்: ‘ஒன்றில் உயரம் மூன்றில் ஒரு பங்கு. நான்கில் உயரம் மூன்றில் இரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் ஒன்று. இந்த முனையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வந்தாலும், அந்த முனையிலிருந்து அதே தூரம் உள்ளே வந்து, இரண்டு உயரங்களையும் கூட்டினால் ஒன்று.’ … கீழ இயற்கணிதமும் போட்டிருக்கு.

வேணி: ரெண்டே வரி. தப்பே இல்ல.

பஞ்சநாதன்: நடுவுல? ரெண்டரைல என்னா ஆவும்?

வேணி: ரெண்டரைல ஒசரம் சரியா அரை. அதுல ஒரு புள்ளி வச்சிருக்கு பாருங்க. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு…

பஞ்சநாதன்: ‘குண்டூசி இங்கே.’

வேணி: ஆமா.

பஞ்சநாதன்: குண்டூசி…

வீரம்மாள்: குண்டூசி வேணுமா சார்? ஆபீஸ்ல டப்பா இருக்கு.

பஞ்சநாதன்: விடைத்தாள்ல ஓட்ட போட்டா என்ன வூட்டுக்கு அனுப்பிருவாங்க வீரம்மா. … டீச்சர், ஒரு வெள்ளத்தாள் எடுங்க. மெல்லிசா இருக்கட்டும்.

வேணி: இந்தாங்க.

பஞ்சநாதன்: இத மேல வச்சு நகலெடுங்க. பெட்டியும் வளைவும் மட்டும். … மெதுவா. நீங்களே பண்ணுங்க.

வேணி: எடுத்துட்டேன் சார்.

பஞ்சநாதன்: அந்தப் புள்ளி மேல பேனா மூடியால லேசா அழுத்திப் புடிங்க. விட்றாதீங்க. நான் மேல் தாள மட்டும் சுத்துறேன்.

வேணி: சுத்துங்க.

பஞ்சநாதன்: கால்… வருது… அரை… 

வேணி: புள்ளிய விடல சார்.

பஞ்சநாதன்: வந்து ஒக்காந்துருச்சு.

வேணி: கோடு இந்த எடத்துல துளி வெலகுது.

பஞ்சநாதன்: கையால வரைஞ்சது. வெலகத்தான் செய்யும். கணக்கு வெலகல.

வீரம்மாள்: நானும் பாக்கலாமா டீச்சர்?

பஞ்சநாதன்: பாக்கக் கூடாது வீரம்மா. ரகசியம் இது.

வேணி: பரீட்சை நம்பர் மறைச்சுதான சார் இருக்கு. படம்தான. … பாருங்கக்கா. இந்தப் பெட்டிய இந்தக் கோட்டோட வெட்டுனா ரெண்டு துண்டும் ஒரே அளவுன்னு சொல்லுது ஒரு புள்ள.

வீரம்மாள்: ஒரே அளவுதான. இதுல என்ன இருக்கு?

பஞ்சநாதன்: எப்படிச் சொல்ற?

வீரம்மாள்: ஆறு பீஸ் உள்பாவாடை தைக்கறப்ப இப்படித்தான் சார் வெட்டுவோம். இடுப்புப் பக்கம் சின்னதா இருக்கணும், கால் பக்கம் அகலமா இருக்கணும். ஒரு பீஸ நேரா போட்டு, அடுத்தத தலைகீழா போட்டா துணி வீணாவாது. ஒரே வெட்டுல ரெண்டு பீஸு. இந்தக் கோடு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. ஆனா இந்தக் கோடிக்கு அந்தக் கோடி சரிக்குச் சரி வளைஞ்சா, துண்டும் சரியாத்தான் வரும்.

பஞ்சநாதன்: இந்தக் கோடிக்கு அந்தக் கோடி…

வீரம்மாள்: தப்பாச் சொல்லிட்டனா?

வேணி: இல்லக்கா. அந்தப் புள்ளயும் இதத்தான் சொல்லியிருக்கு.

வீரம்மாள்: நல்ல புள்ளயா இருக்கும். … கட்டு இல்லன்னா நான் வரேன் சார். அடுத்த ரூம்ப பாத்துட்டு வரேன்.

பஞ்சநாதன்: போயிட்டு வா. … டீச்சர், அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காருங்க.

வேணி: பரவால்ல சார்.

பஞ்சநாதன்: ஒக்காருங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும். … இந்த விதிய நான் வருசா வருசம் போர்டுல எழுதறேன். ‘வரையறுத்த தொகையீட்டின் பண்புகள்’னு தலைப்பு போட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எக்ஸுக்குப் பதிலா ஏ கூட்டல் பி மைனஸ் எக்ஸ் போட்டா மதிப்பு மாறாது. மனப்பாடம் பண்ணுங்கடா, கட்டாயம் அஞ்சு மார்க்கு வரும்பேன்.

வேணி: நானும் அதேதான் சார் சொல்லுவேன்.

பஞ்சநாதன்: புள்ளைங்களும் மனப்பாடம் பண்ணும். மார்க்கும் வாங்கும். ஆனா, ஏன் மாறாதுன்னா… அஞ்சு மைனஸ் எக்ஸ்னா இடம் வலமாவுது. ஒண்ணுலேர்ந்து கழிச்சா மேல கீழாவுது. ரெண்டும் சேந்தா பேப்பரே அரைச் சுத்து திரும்புது. இருபத்தாறு வருசமா என் கையில இருந்த விதி, டீச்சர். அது இப்படித் திரும்புதுன்னு நான் பாத்ததே இல்ல.

வேணி: எனக்கு மொதல்ல புரிஞ்சப்ப கையெல்லாம் சிலுத்துப் போச்சு. யார்ட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அதான் ஓடி வந்தேன்.

பஞ்சநாதன்: எந்த ஊர்ப் புள்ளயோ.

வேணி: தெரியாது. தெரியவும் கூடாது.

பஞ்சநாதன்: வேப்பந்தட்டப் பக்கமோ, அரியலூர்ப் பக்கமோ… யாரு சொல்லிக் குடுத்திருப்பா?

வேணி: யாரும் சொல்லிக் குடுத்த மாதிரி இல்ல சார். சொல்லிக் குடுத்திருந்தா ‘குண்டூசி’ன்னு எழுதாது. ‘சமச்சீர் மையம்’னு எழுதும்.

பஞ்சநாதன்: ஆமா. தானாப் பாத்திருக்கு. மூணு மணி நேரம் பரீட்சை ஹால்ல ஒக்காந்துக்கிட்டு, தாளத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கும். ஹால்ல நின்ன வாத்தியார் முறைச்சிருப்பாரு.

வேணி: குறிப்புல மொதப் பக்கம் கடைசி வரி ஞாபகம் இருக்கா சார்? வேற முறையில சரியாச் செஞ்சிருந்தா முழு மார்க்கும் தரலாம்னு…

பஞ்சநாதன்: இருக்கு. அந்த வரிய நாம யாரும் படிக்கறதில்ல. … அஞ்சு போடுங்க.

வேணி: போட்டுட்டேன். நீங்க ஒரு கையெழுத்து…

பஞ்சநாதன்: குடுங்க. … ம். ஆச்சு. இன்னொரு தடவ திருப்பிப் பாத்துக்கறேன். … போதும். எடுத்துட்டுப் போங்க.

வேணி: வரேன் சார்.

பஞ்சநாதன்: என்ன டீச்சர், இன்னும் நிக்கிறீங்க?

வேணி: சார்… இந்தப் படத்த இன்னிக்குத்தான் மொதமொதலாப் பாத்தேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

பஞ்சநாதன்: அப்படி இல்லயா?

வேணி: திங்கக்கிழம ஒரு பேப்பர்ல பாத்தேன். நேத்து ரெண்டுல.

பஞ்சநாதன்: இதே படமா?

வேணி: அதுல திருப்பச் சொல்லி எழுதல. பெட்டி, வளைவு, ஓரத்துல ஏதோ பொடி எழுத்து, கீழ ஒன்றரை. நான் அந்தப் பொடி எழுத்தப் படிக்கல சார். ஒரு வேளைக்கு பன்னெண்டு பேப்பர், மணி ஆவுதுன்னு… குறுக்க கோடு இழுத்து சைபர் போட்டுட்டேன். மூணுக்கும்.

பஞ்சநாதன்: ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதுனதா இருக்குமோ?

வேணி: அப்படி இருந்திருந்தா எனக்கு நிம்மதி. ஒண்ணுல மேல்துண்டக் கோடு கோடாத் தீட்டியிருந்துச்சு. ஒண்ணுல சுத்துற மாதிரி அம்புக்குறி. இன்னொண்ணுல வளைவப் பத்து பட்டையாப் பிரிச்சு, சோடி சோடியா நம்பர் போட்டிருந்துச்சு. ஒவ்வொண்ணும் அதுஅது புரிஞ்சுதான் போட்டிருக்கு. எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்துல கொஞ்சம் புள்ளைங்க கூடி ஒக்காந்து இதப் பத்திப் பேசியிருக்குதுங்க சார். நாம மார்க்குக்குன்னு சொல்லிக் குடுத்தத அதுங்க வேற எங்கயோ கொண்டு போயிருக்குதுங்க.

பஞ்சநாதன்: …அந்தக் கட்டெல்லாம் ஆபீஸ் ரூமுக்குப் போயிருச்சா?

வேணி: போயிருச்சு. இந்தத் திருத்தும் முகாம் அலுவலருக்கு எழுதிக் குடுத்தா மறுபடி எடுக்கலாம்னு சொல்றாங்க. ஆனா ஏன் தப்பு போட்டன்னு விளக்கம் கேப்பாங்க. மெமோ வரும். வந்துட்டுப் போவட்டும். நான் எழுதிக் குடுக்கறேன் சார், நீங்க மேலொப்பம் மட்டும் போட்டுக் குடுங்க. மூணு பேப்பர்…

பஞ்சநாதன்: மூணுன்னு எழுதாதீங்க டீச்சர். நாலுன்னு எழுதுங்க. நேத்து சாயந்திரம் நம்ம கூடத் திருத்துற பூவரசன் சார் இதே மாதிரி ஒரு படத்துக்கு அஞ்சு மார்க்கு போட்டுக் கொண்டாந்தாரு, படத்துக்கெல்லாம் மார்க்கா சார்னு சிரிச்சுக்கிட்டே அத அடிச்சு சைபராக்குனவன் நான்தான்… எழுதறப்ப என் பேர மொதல்ல எழுதுங்க.