நூறு கஜத்துக்கு ஒரு மொட்டை

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற டவுன் பஸ்ஸில், என் முன்சீட்டில் சந்தனம் பூசிய புது மொட்டை ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி.

"இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார் எதிரே இருந்த பூக்கூடைக்காரர்.

"வேண்டுதல் இல்லீங்க. இவகிட்ட பந்தயத்துல தோத்துட்டேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"வத்திப்போன ஏரியில ஒரு பால் டப்பாவ மரத்துல தொங்க உட்டு, ஏர்கன்ல நூறு கஜத்துல சுட்டேங்க. ரவை அம்மாந்தூரம் நேரா போவாதுன்னு, ஈயத்த உருக்கி நீட்டு குண்டா நானே வார்த்தேன். பத்து தபா சுட்டும் படல. இவ குடு பாக்கலாம்னா. படலன்னா நீ இனிமே துப்பாக்கியத் தொடக்கூடாது, பட்டா நான் மொட்டன்னு வாய உட்டுட்டேன்."

"குண்டு தாழும்னு மேல தூக்கிப் புடிக்கத் தெரியுது, காத்து தள்ளுறது தெரியல," என்றார் மனைவி. "தறியில அறுந்த செவப்பு நூல எடுத்தாந்து, வழியில குச்சி நட்டு கட்டினேன். நூலு கெழக்கால பறந்துச்சி. நான் டப்பாவுக்கு மேற்கால ஒரு ஜாண் தள்ளி குறி வெச்சேன்."

"பட்டுச்சாம்மா?"

"அவரு தலையத் தடவிப் பாருங்க."

பஸ் சிரித்து அடங்கியதும் மொட்டை முனகியது: "குருட்டு அதிஷ்டம்தான்."

"ஆங், அப்டியா? அடுத்த கிருத்திகைக்கு மீசைய வெச்சி சுடலாம், வா."

மொட்டையின் கை தானாக மீசையைப் பொத்திக்கொண்டது.