விறகுக்காரன் வீட்டுச் சம்பந்தம்

ஓம், விறகுக்கார நீக்கிலாசைத்தானே கேக்கிறியள்? சம்பந்தம் பேச முந்தி நாலு பேரிட்ட விசாரிக்கிறது நல்லதுதான். இதுக்கெண்டே ஸ்கீவவிலயிருந்து இவ்வளவு தூரம் ரண்டர்சுக்கு வந்திருக்கிறியள், இருங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ. பெடியன் ஜெனோஷனில ஒரு பிழையும் இல்லை. தேப்பன்தான் சரியில்லை.

இருவது வருசமா டெனிஷ்காரற்ற வீடுவீடா விறகு கொண்டுபோய் இறக்கிக் குடுக்கிறான். இஞ்ச குளிருக்கு எரிக்கிற விறகை வசந்தத்திலயே பச்சையா வாங்கி அடுக்கினால்தானே காயும்? அதால சித்திரை, வைகாசிதான் இவருக்குச் சீசன். அங்க ஊர்ச் சண்டையில சனம் செத்துக்கொண்டிருக்கு, நாங்கள் கோப்பன்ஹேகன் பாராளுமன்றத்துக்கு முன்னால மழைக்குள்ள கொடியோட நிக்கிறம், இவர் இஞ்ச பேர்ச் மரம் பிளக்கிறார். பஸ்ஸில சீட்டும் பிடிச்சு வச்சுக் கூப்பிட்டனான். விறகு காயோணும் அண்ணை எண்டான். மனுசனோ அவன்?

போன மாசம் சண்டையும் முடிஞ்சுது. இப்ப அவன்ர தங்கச்சி கத்தரீனா, செட்டிகுளம் முகாமில ஆமி குடுக்கிற சோத்தைத் திண்டுகொண்டிருக்கிறாள். வெக்கங்கெட்ட குடும்பம். மாசியிலயே வெள்ளைத்துணியைப் பிடிச்சுக்கொண்டு ஆமிப் பக்கம் போனவள். போகச் சொன்னதே இவன்தான்.

சும்மா கதை கேட்டுச் சொல்லேல்லை, நான் பக்கத்தில நிண்டனான். அவன்ர விறகு வளவுக்குள்ளதான். ஆற்றையோ சற்றலைட் போனில எடுக்கிறன் எண்டு கத்தரீனா முந்தியே சொல்லி வச்சவள். எனக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டவன், ஏனெண்டால் என்ர தங்கச்சி ராசமலரும் கத்தரீனாவோட நிண்டவள். அங்க ரண்டு பேரும் ஒரே பங்கர். போன் அடிக்க, இவன் மரம் அரியிற வாளை நிப்பாட்டிப்போட்டு எடுத்தான். ஒரு நிமிசம் யோசிக்கேல்லை. வெளிக்கிடு, இப்பவே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ எண்டான். நாடாவது மண்ணாவது, யாவாரிக்கு என்ன?

பிறகு போனை என்னட்டத் தந்தான்.

ராசமலரும் அதைத்தான் கேட்டவள். அண்ணை, நாங்களும் அவையோட போகட்டோ எண்டு. பின்னால அவளின்ர சின்னவள் அழுற சத்தமும் கேட்டது. எல்லாரும் போனால் ஆர் நிக்கிறது, நீ எங்கட சனத்தோட நில்லு எண்டு நான் சொன்னன். சரி அண்ணை எண்டாள். அவள் ஒருநாளும் என்ர சொல்லுத் தட்டினதில்லை.

குடியுங்கோ, ஆறப்போகுது.

நீக்கிலாஸ் இண்டைவரைக்கும் அதைப்பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அதுதான் எனக்கு அவன்ர முகத்தில முழிக்கப் பிடிக்கேல்லை. கத்தரீனாதான் இப்ப முகாமுக்குள்ள கூடாரம் கூடாரமாப் போய் ராசமலரையும் அவளின்ர ரண்டு பிள்ளையளையும் தேடுறாள். நேற்றும் கேட்டனான். இல்லையாம்.