ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வரலாறு

— அய்யோ அண்ணா, எந்தப் பேராசிரியராவது “உள்ள வாம்மா, சாப்டியா”ன்னு இன்டர்வியூவை ஆரம்பிப்பாரா?

— லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் வாயில வேற என்ன வரும்? இரு, சட்டைப் பட்டனைப் போட்டுக்கறேன். ம்ம்... வணக்கம். நீங்க எதுக்கு வரலாறு படிக்கணும்?

— கடந்த காலத்தைப் புரிந்துகொண்டால்தான் நிகழ்காலத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்பதால்...

— நிறுத்து. நாளைக்கு உன்னோட வர்ற அத்தனை பேரும் இதையேதான் ஒப்பிப்பாங்க. வாயாடி, வீட்டுல என்னை ஒரு வார்த்தை பேச விடறதில்ல. அங்க போய் ஏன் கிளிப்பிள்ளை ஆகறே? அதான் கேக்கறேன்.

— பயமா இருக்குண்ணா.

— பயம் பாட்டுக்கு ஓரமா உக்காரட்டும். அடுத்தது, உங்க டீச்சர் சொன்ன கேள்வி. எழுத்துல எதையுமே விட்டுட்டுப் போகாத ஒரு சாதாரண ஆளோட வரலாற்றை எப்படி எழுதுவீங்க?

— அவர் புழங்கின பொருளைப் பார்ப்பேன் சார். பழகினவங்களை விசாரிப்பேன். உதாரணத்துக்கு, ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

— ஏய்!

— குறுக்க பேசாதீங்க சார். அவருக்குக் காலேஜ்ல இடம் கிடைச்ச வருஷம் அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்துல போயிட்டாங்க. தங்கச்சி சின்னப் பொண்ணு. அவர் காலேஜை விட்டுட்டு வேலைக்குப் போனார்.

— இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நீ புதுசா என்ன கண்டுபிடிச்சே? அதான் கேக்கறேன்.

— அவர் போனுக்குக் கம்பெனியைத் தவிர யாரும் கூப்பிடறதில்ல. ஒருநாள் ராங் நம்பர் வந்துச்சு. யாரோ ஒரு அம்மா, தன் மகன்னு நினைச்சுப் பேசினாங்க. அவங்க முட்டிவலி வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் வச்சார்.

— பாவம், வயசானவங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி வைக்கவா முடியும்?

— மறுநாள் இவரே கூப்பிட்டார் சார். வலி குறைஞ்சுதான்னு கேக்க.

— ஒட்டுக் கேட்டியா?

— ஆதாரம் திரட்டினேன். அப்புறம், நான் ஸ்கூல் டூர் போயிட்டு வந்தப்போ அடுப்படியில ஒரு கரண்டிகூட இடம் மாறல. “வெளியில சாப்பிட்டேன்”னார். எந்தக் கடைன்னு கேட்டா முழிச்சார்.

— ஒரு ஆதாரத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம்ல? அந்த ஆளு வெறும் சோம்பேறியா இருக்கலாம்.

— சோம்பேறி, டூர் பஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்கூல் வாசல்ல வந்து நின்னானாம். வாட்ச்மேன் சொன்னார்.

— அந்த வாட்ச்மேனுக்கு வேற வேலையே கிடையாதா?

— அண்ணா, கண்ணைத் துடை.

— தூசி. சரி, நல்லாத்தான் சொல்றே. நாளைக்கு இப்படியே பேசினா உனக்கு இடம் உறுதி. மெக்கானிக்கை மட்டும் பெயின்டர்னு மாத்திக்கோ.

— நான் போகல.

— என்னது?

— நாளைக்குப் போகல. இங்கயே அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் இருக்கு, நடந்தே போயிட்டு வரலாம். அவ்வளவு தூரத்துல ஹாஸ்டல்ல உக்காந்துக்கிட்டு, நீ இங்க சுவத்தோட பேசிட்டிருப்பேன்னு நினைச்சா எனக்குப் படிப்பு ஏறுமா?

— என்னை வச்சே பாடம் நடத்திட்டு, கடைசியில இதுதான் முடிவா?

— நீ என்ன திட்டினாலும் சரி. நீ வேலை முடிஞ்சு வந்து கதவைத் தட்டினா, திறக்க ஒரு ஆள் வேணும்... ஏண்ணா சிரிக்கறே?

— நீ இப்படித்தான் பிடிவாதம் பிடிப்பேன்னு தெரியும். அதான் உன்கிட்டக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன்.

— என்ன பண்ணினே?

— மலை மேல அணை கட்டறாங்கல்ல, அங்க லிஃப்ட் போடக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டுச்சு. ஒருத்தரும் போகமாட்டேன்னாங்க. நான் கையைத் தூக்கிட்டேன். மாசம் பொறந்ததும் கிளம்பறேன்.

— அங்க உனக்கு யாரு இருக்கா? சொல்லுண்ணா, யாரு இருக்கா?

— வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. புதுசா குடிவர்றவங்க நேத்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. நீ தங்கணும்னு நினைச்சாலும் இனிமே இங்க நமக்கு வீடு இல்லடா, கண்ணு.