ஆயுத பூசை மஞ்சள்

— மீன்குஞ்சே இல்லாம வெறும் தண்ணிய வச்சுப் பாத்தேன் சார். அப்பவும் பச்சையா மின்னுது.

— லேசர் சூடாயிருக்கும் தாயி. ஏசியக் கூட்டி வையி.

— கூட்டி வச்சு நாந்தான் வெறச்சுப் போனேன். மின்னுறது மின்னிக்கிட்டுத்தேன் இருக்கு.

— ஏ தமிழ்ச்செல்வி, இந்த மைக்ராஸ்கோப்பு எப்பிடி வேலை செய்யுதுன்னு ஒனக்கு நான் சொல்லணுமா? பேப்பர் கணக்கா மெல்லிசா ஒளியப் பக்கவாட்டுல விடுது. குஞ்சோட இதயத்த நறுக்காமலே தகடு தகடாப் படம் புடிக்குது. அதுல தெரிஞ்சது புது செல்லு. உலகத்துல எவனும் பாக்காத செல்லு. ரைட்டா?

— எவனும் பாக்கலதான் சார். வேற எந்த ஊருலயும் மைக்ராஸ்கோப்புக்குள்ள மஞ்சளப் பூசி ஆயுத பூசை கும்புட மாட்டாங்கல்ல.

— அதுக்கும் இதுக்கும் என்னத்தா சம்பந்தம்?

— குஞ்சு மிதக்குற கண்ணாடித் தொட்டியில நீங்கதான மஞ்சளக் கொழச்சு அப்புனீங்க? மேல குங்குமம், எலுமிச்சம்பழம், கதம்ப மாலை. தொட்டிய மட்டும் விட்ருங்க சார்னு கெஞ்சுனேன். சாமி காரியத்துல குறுக்க வராதன்னு வெரட்டுனீங்க.

— இம்புட்டு பெரிய மிஷினு மதுரைக்கு வந்திருக்கு. கண்ணு பட்டுறக் கூடாதுல்ல?

— கண்ணு படல, மஞ்ச பட்டுருச்சு. மூடி இடுக்குல ஒட்டிக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணியில எறங்கியிருக்கு. நீல லேசர் பட்டா மஞ்ச பச்சையா மின்னும். குஞ்சு அத உறிஞ்சி இதயத்துல சேத்து வச்சிருக்கு. நான் அதப் போயி புது செல்லுன்னு எழுதிட்டேன்.

— ஒரு சந்தேகத்த வச்சுக்கிட்டு ஊரக் கூட்டாத.

— சந்தேகமெல்லாம் தீந்துருச்சு சார். புதுத் தொட்டி மாத்துனேன், செல்லக் காணோம். வீட்டுலருந்து ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி கொண்டாந்து போட்டேன், செல்லு திரும்பி வந்துருச்சு. இனி மல்லிப்பொடி போட்டா இன்னொரு செல்லு கெடைக்கும். சாம்பார்ப்பொடி போட்டா ஒங்களுக்கு நோபல் பரிசே வந்துரும்.

— நக்கலு! திருவாதவூர்க்காரின்னா சும்மாவா?

— அந்தத் திருவாதவூருலதான் சார் எனக்கு பிளக்ஸ் வச்சிருக்காங்க. ‘இதயத்தின் ரகசியம் கண்ட எங்கள் வீட்டு விஞ்ஞானியே’ன்னு. எங்கப்பா அதுக்கு அடியில நின்னுதான் தெனமும் டீ குடிக்கிறாரு. போற வார பஸ்ஸெல்லாம் பாக்கணுமாம்.

— குடிக்கட்டுமே. நல்லதுதான?

— எங்க ஒச்சாயி சின்னம்மா நெஞ்சுவலி மாத்திரைய நிறுத்திருச்சு சார். எம்மக மருந்து கண்டுபுடிச்சிட்டா, இனி இந்தக் கசப்பு எதுக்குன்னு கேக்குது. நேத்துப் போயி, பக்கத்துலயே உக்காந்து முழுங்க வச்சுட்டு வந்தேன்.

— மருந்து வரும்னு கட்டுரையில எங்கயும் இல்லையே.

— கட்டுரையில இல்ல. டிவியில நீங்க சொன்னீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல நெஞ்சுவலிங்கிற பேச்சே இருக்காதுன்னு.

— பேட்டின்னா அப்பிடித்தான் தாயி. மீன்குஞ்சப் பத்தி மட்டும் பேசுனா எவன் கேப்பான்?

— கேட்டுட்டாங்களே சார், அதான் பயமா இருக்கு.

— சரி, இப்ப என்ன செய்யணுங்குற? பேராசிரியர் ஜெயபாண்டி லேபுல மஞ்சத்தண்ணிய வச்சு ஆராய்ச்சி பண்ணாங்கன்னு ஊரே சிரிக்கணுமா? நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் வாயத் தெறக்காத. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

— எங்க சின்னம்மா நெஞ்சு அது வரைக்கும் தாங்குமா?

— கட்டுரைய வாபஸ் வாங்குனா ஒன் பட்டம் போச்சு. எந்த லேபுலயும் சேத்துக்க மாட்டான். ஒன் பிளக்ஸ அவுத்துக் கொண்டுபோயி மாட்டுக் கொட்டாய்க்குப் போட்ருவாங்க. யோசிச்சுக்க.

— மாடாச்சும் நனையாம இருக்கும் சார். காலையிலயே கட்டுரையப் போட்ட பத்திரிகைக்கு மெயில் போட்டுட்டேன். செல்லெல்லாம் இல்ல, பூசை மஞ்சதான்னு.

— என்னக் கேக்காமயா?

— கேட்டா விட்ருப்பீங்களா? ஆனா ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது. கட்டுரையில எம்பேரு மட்டுந்தான இருக்கு. அனுப்புறதுக்கு முதநா நீங்களே ஒங்க பேரக் கோடு போட்டு அடிச்சிட்டு, பெருமையெல்லாம் ஒனக்கே இருக்கட்டும் தாயின்னீங்க. அன்னைக்கு ஹாஸ்டலுக்குப் போயி அழுதுட்டேன் சார். எந்த வாத்தியாரு இப்பிடி விட்டுக் குடுப்பாரு? எம்புட்டுப் பெரிய மனசு! அந்த மனசுக்கு முன்னால இப்பிடி நிக்கிறேனேன்னுதான்…

— மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மஞ்சன்னு எனக்குத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் பேர அடிச்சேன்.