வெஸ்டன்தான் ஆடியிருக்க வேண்டும்

ஆட்டம் முடிந்த கையோடு வண்டியைக் கிளப்புகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. எழுபதாயிரம் பேர் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நின்று என்ன காணப்போகிறார்கள்? நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பொரித்த கோழி மிச்சமிருந்தால் சாப்பிடுவேன், ரேடியோவில் கோச் பேசுவதைக் கேட்பேன், கூட்டம் கலைந்த பிறகு நிதானமாகக் கிளம்புவேன். டால்மேஜ் பல்கலைக்கழக மைதானத்துக்கு இருபத்திரண்டு வருடமாகப் போகிறேன். என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பெயர் லாய்ட் டிட்மோர், வயது அறுபத்திரண்டு. டன்லோ கவுண்டி சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் கிரேடர் ஓட்டினேன். மண் சாலைகளைச் சமப்படுத்துகிற வண்டி அது. ராய்ஸ் என் மனைவி நோரீனின் தம்பி. இதெல்லாம் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கும், அம்மா. நீங்கள் கேட்பது அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் முதலில் வெஸ்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

வெஸ்டன் கிப்ஸ் எங்கள் கவுண்டிப் பையன். பள்ளிக்கூட அணியில் இருந்தபோதே அவன் ஆடிப் பார்த்திருக்கிறேன். டால்மேஜில் சேர்ந்து நான்கு வருடம் கோட்டுக்கு வெளியே நின்றான். தலையில் தொப்பி, கையில் குறிப்பு அட்டை. ஆடுகிற குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டால் உள்ளே போவான். அடிபட்டவனுக்குக் குணமானதும் முகம் சுளிக்காமல் வெளியே வருவான். குவார்ட்டர்பேக் என்றால் பந்து முதலில் வந்து சேர்வது அவன் கைக்குத்தான். எறிவதா, பக்கத்தவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று ஒரு மூச்சு விடுவதற்குள் முடிவு செய்கிறவன். அணியே அவன்தான். இந்த வருடம் வெஸ்டனின் முறை. அதில் யாருக்கும் சந்தேகமே வந்திருக்கக் கூடாது.

ஜனவரியில் அந்த இடத்துக்குக் கலியோவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹவாயில் பிறந்தவன், மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி மாறியவன். நல்ல கை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லூரிப் பாட்டில் அவனுக்கு இரண்டு வரிகூடத் தெரியாது. டிவியில் அவன் வாயைச் சும்மா அசைத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கவுண்டி இரண்டாகப் பிரிந்தது. முடிதிருத்தும் கடையில் வெஸ்டன் ஆட்கள் ஒரு வரிசை நாற்காலி, கலியோ ஆட்கள் எதிர் வரிசை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வணக்கம் சொல்வதற்கு முன்பே "யாரு ஆடணும்?" என்றுதான் கேட்டார்கள். என் வீட்டிலேயே, என் மேஜையிலேயே, நோரீன் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு ராய்ஸ் கலியோவுக்காகப் பேசினான்.

"மாமா, பந்து அறுபது கஜம் போகுது. உங்க வெஸ்டன் எறிஞ்சா பாதி வழியில டீ குடிச்சிட்டுப் போகும்."

"நாலு வருஷம் காத்திருந்திருக்கான், ராய்ஸ்."

"காத்திருந்ததுக்குப் பரிசு குடுக்கணும்னா கோயில்ல குடுக்கட்டும். இது ஃபுட்பால்."

நோரீன் சிரித்தாள். அவள் தம்பி எதைச் சொன்னாலும் சிரிப்பாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வராது. என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்டில் ஒரு காலை. வண்டியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, நேயர்கள் கூப்பிட்டுப் பேசுகிற விளையாட்டு நிகழ்ச்சி. திடீரென்று ராய்ஸின் குரல். "எங்க வீட்ல ஒரு மாமா இருக்காருங்க. வெஸ்டன் ரசிகர். அவரைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு வைக்கணும், வருங்காலப் பிள்ளைங்க பார்க்கட்டும்." நிகழ்ச்சிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவரு பேரு என்ன?" என்று கேட்டான். ராய்ஸ் சொன்னான். முழுப் பெயரையும் சொன்னான்.

நான் ரேடியோவை அணைத்தேன். பொத்தான் கையோடு வந்துவிட்டது. பழைய வண்டி.

அன்று மத்தியானம் தீவனக் கடையில் மூன்று பேர் என்னைக் 'கண்ணாடிப் பெட்டி' என்று கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் தேவாலயத்தில் பாதிரியார் கூட என் தோளைத் தட்டி, "உள்ளே காற்று வருதா, லாய்ட்?" என்றார். ராய்ஸிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கோழிப் பண்ணையில் வேலை, வீட்டில் தனியாள். அவனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது என்று விட்டுவிட்டேன். நோரீனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். "விளையாட்டுக்குச் சொன்னதுதானே" என்றாள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை. பகல் பதினொரு மணி ஆட்டம், நல்ல வெயில். எப்போதும் போல ராய்ஸும் நானும் என் வண்டியில் போனோம். எப்போதும் போல மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியின் கடைசி மூலையில் நிறுத்தினேன். கலியோதான் ஆடினான். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கிற டச்டவுன் மூன்று போட்டான், அதை நான் மறைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். இருபது கஜம் போனால் ஜெயித்துவிடலாம். பக்கத்தில் நம் ஆள் ஒருவன் யாரும் மறிக்காமல் நிற்கிறான். அவனுக்குக் கொடுக்காமல் தூரத்தில் எறிந்தான் கலியோ, நேராக எதிரணிக்காரன் நெஞ்சுக்கு. ஆட்டம் முடிந்தது.

நான் சந்தோஷப்படவில்லை. என் அணி தோற்று நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. ஆனால் விவாதம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டு மாதம் பேசியதற்கு ஒரு பதில் வந்துவிட்டது. ராய்ஸ் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பெருந்தன்மையாக விட்டுவிடுவேன் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

வண்டிக்குத் திரும்பினோம். நாற்காலிகளைப் போட்டேன். கோழிப் பெட்டியைத் திறந்தேன். ராய்ஸ் ஒரு சோடா கேனை உடைத்து ஒரு வாய் குடித்துவிட்டு வண்டியின் பின்பலகைமேல் வைத்தான். நான்தான் ஆரம்பித்தேன்.

"வெஸ்டனா இருந்தா பக்கத்துல நின்னவனுக்குக் குடுத்திருப்பான்."

"வெஸ்டனா இருந்தா அந்த நேரத்துல நாம முப்பது புள்ளி பின்னால இருந்திருப்போம் மாமா. கடைசி நிமிஷம்னு ஒண்ணே இருந்திருக்காது."

"தோத்துட்டோம், ராய்ஸ். அவனாலதான் தோத்தோம்."

"அவனாலதான் அங்க வரைக்கும் வந்தோம்." கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்குக் கலியோமேல கோபம் இல்ல மாமா. எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அந்த ஜார்ஜியாக்காரன்மேல கோபம்."

அதை விளக்கியாக வேண்டும். சாலைத் துறையில் மேஸ்திரி வேலை காலியானபோது வரிசையில் நான்தான் முதல் ஆள். பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். ஜார்ஜியாவிலிருந்து முப்பத்து நான்கு வயது ஆள் ஒருவனைக் கூட்டிவந்து போட்டார்கள். ஓய்வு பெறுகிற வரை அவனுக்குக் கீழேதான் கிரேடர் ஓட்டினேன். நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதும் இல்லை.

"நீங்களும் வெஸ்டனும் ஒண்ணு" என்றான் ராய்ஸ். "நின்னதே தகுதின்னு நினைக்கிறீங்க. உங்க வீட்டு வாசல்ல தபால் பெட்டி இருபது வருஷமா நிக்குது. அதை யாராச்சும் மேஸ்திரியாக்குனாங்களா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கேனை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

செப்டம்பரில் மஞ்சள் குளவிகள் இனிப்பைத் தேடி வரும். திறந்த கேனுக்குள் ஒன்று இறங்கியிருந்தது. அது அவன் தொண்டைக்குப் போகிற வழியில் கொட்டிவிட்டது. ராய்ஸுக்குக் குளவி ஆகாது. பல வருடங்களுக்கு முன் ஒரு தடவை மூச்சு நின்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அப்போதிருந்து தொடையில் குத்திக்கொள்கிற அலர்ஜி ஊசி ஒன்று, தடித்த பேனா மாதிரி இருக்கும், எங்கள் வண்டியிலும் வைத்திருக்கிறோம். நோரீன் அதன் தேதியைப் பார்த்துப் பார்த்து மாற்றுவாள்.

நான் ஓடினேன். அது பதிவாகட்டும். அவன் வாயிலிருந்ததைத் துப்பி, கேனை எறிந்து, தொண்டையைப் பிடித்த அடுத்த நொடி நான் முன்கதவைத் திறந்து ஊசியை எடுத்துவிட்டேன். அவன் எழுந்து பக்கத்து வண்டிக்காரர்களை நோக்கி நடக்கப் பார்த்தான். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் நடக்கக் கூடாது. ஊசியின் மூடியையும் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் கேட்டேன்.

"சொல்லு ராய்ஸ். வெஸ்டன் ஆடியிருக்கணும்னு சொல்லு."

பலபேர் இதை மிரட்டல் என்று நினைக்கலாம். மிரட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. குத்த ஒரு நொடி போதும், அவன் சொல்ல இரண்டு நொடி போதும். எட்டு மாதமாக ஓயாமல் பேசிய வாய் அது. மேஜையில் பேசியது, ரேடியோவில் பேசியது, என் பெயரை எட்டு கவுண்டிக்குச் சொன்னது. ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் சொல்ல அதற்கு முடியவில்லையா?

உதடு வீங்கியது. முகத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. நான் பொறுமையாக இருந்தேன். "தோத்தது அவனாலன்னு சொல்லு, போதும்" என்று குறைத்துக்கூடக் கேட்டேன். ரேடியோவில் கோச் பேசிக்கொண்டிருந்தார். தொடர்ந்து கலியோதான் ஆடுவான் என்றார். அதைக் கேட்டும் ராய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் அவனிடமிருந்து வந்தது, பிறகு அதுவும் குறைந்தது.

ஊசி போட்டேன். போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதன் பிறகு கத்தினேன். ஐம்பது கஜம் தள்ளி இருந்த டார்லா பிராக்டர் ஓடிவந்து அவன் நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வருகிற வரை விடாமல் அழுத்தினார். நல்ல பெண்மணி. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அடக்கத்தின்போது நோரீன் என் கையை விடவே இல்லை. "கடைசியில நீ கூட இருந்தியே, அது போதும்" என்றாள். தீவனக் கடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டி என்று அன்று யாரும் சொல்லவில்லை.

டார்லாவின் கணவர் பாட்டுக்கு ஆடியதை டார்லா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் காட்டினீர்கள். அந்த ஆள் தொப்பையைக் குலுக்கி ஆடுகிறார். பின்னால், சின்னதாக, நான் ஊசியும் கையுமாக நிற்கிறேன். ராய்ஸ் நாற்காலியில். நான்கு நிமிடம், பதினோரு நொடி. பாட்டுச் சத்தத்தில் என் குரல் கேட்கவில்லை. அதனால்தான் என்ன பேசினேன் என்று கேட்கிறீர்கள். கேட்டதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. நோரீனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள், ஜனவரியிலிருந்து.

சற்று முன் கேட்டீர்களே, "அவரு சாகப்போறாருன்னு தெரிஞ்சே ஊசி போடாம நின்னீங்களா, மிஸ்டர் டிட்மோர்?" என்று. நான் தலையாட்டினேன். நீங்கள் மேஜைமேல் இருக்கிற ரெக்கார்டரைத் தொட்டு, "தலையாட்டினா இதுல பதிவாகாது. வாயால சொல்லுங்க" என்றீர்கள்.

வாயால் சொல்கிறேன். தெரிந்தேதான் நின்றேன்.

ராய்ஸும் தலையாட்டினான், அம்மா. இரண்டு தடவை. மூன்றாவது தடவை என் சட்டையைப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வேகவேகமாக ஆட்டினான். நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை எப்படி ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது? நீங்களே சொல்கிறீர்களே, வாயால் சொல்ல வேண்டும்.